லீட்ஸ் நகரத்தில் ஃபிஷ் அண்ட் சிப்ஸ் சாப்பிடுவது எப்படி

தூத்துக்குடியில் பிறந்தவளுக்கு மீன் தின்ன ஒருவர் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்ற இறுமாப்போடுதான் வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் வட்டாரத்தில் உள்ள லீட்ஸ் நகரத்துக்கு வந்தேன். முதல் வாரமே ஃபிஷ் அண்ட் சிப்ஸ், அதாவது மாவில் தோய்த்துப் பொரித்த மீனும் பொரித்த உருளைக்கிழங்கும், ஒரு பொட்டலம் வாங்கி, பஸ்ஸில் அரை மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு வந்து, வீட்டில் தட்டு போட்டுச் சாப்பிட்டேன். மேல்மாவு ஈரத்துணிபோலத் துவண்டு கிடந்தது. இதற்கா இத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று ஏழெட்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. சூடான பஜ்ஜியை மூடி போட்ட டப்பாவில் அடைத்து வைத்துவிட்டு, பஜ்ஜிக்காரரைத் திட்டுவதற்குச் சமம் அது.

பிறகு என்னோடு இரவுப்பணி பார்த்த யார்க்‌ஷயர்க்கார நர்ஸ் அக்கா ஒருவர் கையோடு அழைத்துப்போய்ச் சொல்லிக்கொடுத்தார். அதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் நேரம். பல கடைகள் மதியம் கொஞ்ச நேரம் திறந்து, மூடி, மாலையில் மறுபடி திறக்கும். ஞாயிற்றுக்கிழமை பாதிக் கடைகள் திறப்பதே இல்லை. வெள்ளிக்கிழமை மாலைதான் போக வேண்டும். வெள்ளியன்று இறைச்சியை விலக்கி மீன் உண்ணும் கிறிஸ்தவப் பழக்கம், கோயிலுக்கே போகாதவர்களிடமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கூட்டத்தைக் கண்டு திரும்பிவிடாதீர்கள். கூட்டம் இருந்தால்தான் மீன் எண்ணெயிலிருந்து நேராக உங்கள் கைக்கு வரும். ஆளில்லாத கடையில், பொரித்த மீன் கண்ணாடிப் பெட்டிக்குள் சூட்டு விளக்கின் கீழ் காய்ந்துகொண்டிருக்கும். அப்படிக் கண்டால், “புதிதாகப் பொரித்துத் தாருங்கள், காத்திருக்கிறேன்” என்று சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்தது முக்கியம்: எதில் பொரிக்கிறார்கள் என்று கேளுங்கள். லண்டன் பக்கம் பெரும்பாலும் தாவர எண்ணெய். யார்க்‌ஷயரில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது பரம்பரை வழக்கம். அதைப் பெருமையாகப் பலகையிலும் எழுதி வைத்திருப்பார்கள், ‘பீஃப் டிரிப்பிங்’ என்று. சைவம் சாப்பிடும் என் தோழி ஒருத்தி, உருளைக்கிழங்குதானே என்று மூன்று மாதம் சிப்ஸ் வாங்கித் தின்றுவிட்டு, ஒருநாள் அந்தப் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்கு அவள் முகத்தை நான் விவரிக்க விரும்பவில்லை. மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் ஹலால் பார்ப்பவர்களும் வரிசையில் நிற்கும் முன்பே இதைக் கேட்டுவிடுவது நல்லது. சில கடைகள் மாவில் பீரும் சேர்ப்பதுண்டு.

மீன் என்று மட்டும் சொன்னால் இங்கே ஹேடாக்தான் வரும். தென் இங்கிலாந்தில் காட். காட் பெரிய பெரிய இதழாகப் பிரியும். ஹேடாக்கின் சதை கொஞ்சம் மென்மை, லேசான இனிப்பு. யார்க்‌ஷயர்க்காரர்கள் தோலை உரித்துவிட்டுத்தான் பொரிப்பார்கள். முள்ளும் அநேகமாக இருக்காது. சீலா மீன் குழம்பில் முள் பொறுக்கி வளர்ந்த எனக்கு, முதலில் இது குழந்தைக்கு ஊட்டும் சாப்பாடாகத் தோன்றியது. மசாலா எங்கே என்று தேடாதீர்கள். மீன், அந்த மாவுக்கூட்டுக்குள் தன் நீராவியிலேயே வெந்திருக்கிறது. மீனின் ருசியைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

சிப்ஸ் என்றதும் நம் ஊர் மொறுமொறு வறுவலை நினைத்துவிட வேண்டாம். அதற்கு இங்கே கிரிஸ்ப்ஸ் என்று பெயர். இது விரல் தடிமனான கிழங்கு, உள்ளே மாவாக, வெளியே மெதுவாகத்தான் இருக்கும். வேகவில்லை என்று திருப்பிக் கொடுத்து மானத்தை வாங்கிக்கொள்ளாதீர்கள். அளவும் அதிகம். இரண்டு பேருக்கு ஒரு பங்கு போதும். மீனும் சிப்ஸும் சேர்த்து விலை ஏறக்குறைய 10 பவுண்டு.

உங்கள் முறை வந்ததும் கடைக்கார அம்மா, “உப்பும் வினிகரும் போடவா, லவ்?” என்பார். ‘லவ்’ என்பதைக் கேட்டுத் திகைக்க வேண்டாம். நம் ஊரில் ‘தாயி’ என்பதைப்போலத்தான். போடச் சொல்லுங்கள், தாராளமாக. எண்ணெயின் திகட்டலை வெட்டுவது அந்தப் புளிப்புதான். பிறகு, “திறந்து தரவா, சுற்றித் தரவா?” என்று கேட்பார். திறந்தே வாங்குங்கள். என் ஏழெட்டு மாத வனவாசத்துக்குக் காரணம் அந்தச் சுற்றல்தான். ஒரு காலத்தில் செய்தித்தாளில் சுற்றினார்கள். இப்போது வெறும் வெள்ளைத் தாள்.

அப்போதே ‘ஸ்கிராப்ஸ்’ வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். எண்ணெயில் உதிர்ந்து பொரிந்த மாவுத் துணுக்குகள், நம் காராபூந்திக்குத் தூரத்துச் சொந்தம். வட இங்கிலாந்தில் பல கடைகளில் இலவசம். லண்டனில் போய்க் கேட்டால் விழிப்பார்கள்.

தொட்டுக்கொள்ள, ‘மஷி பீஸ்’ என்ற பட்டாணி மசியலை வாங்கலாம். முற்றிய பட்டாணியைச் சோடா உப்போடு இரவு முழுக்க ஊறவைத்து வேகவைப்பது. பார்க்க அழகில்லை, ஆனால் வினிகர் விட்டால் எனக்குப் பிடிக்கும். கறி சாஸ் என்று மஞ்சளாக ஒன்று தருவார்கள். இனிப்பாக இருக்கும். அதில் நம் குழம்பைத் தேடுகிறவருக்கு ஏமாற்றம்தான். தேடாமல் தொட்டுக்கொண்டால் மோசமில்லை. ‘ஃபிஷ்கேக்’ கேட்டால், யார்க்‌ஷயரில் இரண்டு உருளைக்கிழங்கு வில்லைகளுக்கு நடுவே மீனை வைத்து மாவில் தோய்த்துப் பொரித்துத் தருவார்கள். காசு குறைவு, வயிறு நிறையும்.

இந்தச் சாப்பாடு எங்கே பிறந்தது என்று மட்டும் வரிசையில் நின்றுகொண்டு கேட்காதீர்கள். லண்டனில் ஜோசப் மாலின் 1860 வாக்கில் தொடங்கினார் என்று தெற்கத்தியர்களும், மாஸ்லி என்ற வடக்கத்தி ஊரில் ஜான் லீஸ் 1863இல் விற்றார் என்று வடக்கத்தியர்களும் சொல்வார்கள். அந்த வழக்கு முடிவதற்குள் மீன் ஆறிவிடும்.

கடைக்கு வெளியே ஏதாவது சுவரில் உட்கார்ந்து, மர முள்கரண்டியாலோ கையாலோ உடனே சாப்பிடுங்கள். முதலில் மீன், சிப்ஸ் காத்திருக்கும், மாவு காத்திருக்காது. தாளின் அடியில் வினிகரில் ஊறிக் கிடக்கும் துணுக்குகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு மட்டும் போக வேண்டாம். அந்த எண்ணெய் வாடை மூன்று நாளைக்குப் போகாது. வெள்ளிக்கிழமைக்கென்றே நான் ஒரு பழைய கோட்டை வாசலில் மாட்டி வைத்திருக்கிறேன்.