மணல் தரையில் சைட் கழிப்பறை: குழி தோண்டாமல் அமைக்கும் முறை

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எந்தக் கடலோரக் கட்டட சைட்டிலும் கழிப்பறை என்றால் மேஸ்திரி கேட்பது நாலு சிமென்ட் உறை, உட்காரும் பீங்கான் ஒன்று, ஒரு தகரக் கதவு. மணல்தானே, அரை நாளில் குழி இறங்கிவிடும். சிக்கல் அங்கேதான். இந்தக் கரையில் நல்ல தண்ணீர் என்பது உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக நிற்கும் மழைநீர். ஊர்ப் பெண்கள் மணலைத் தோண்டி, சுரக்கச் சுரக்க மோந்து குடம் நிரப்பும் ஊற்று அதுதான். அடி திறந்த உறைக்குழி நேராக அந்தத் தண்ணீருக்குள் போய் உட்காரும். மணல் வடிகட்டிவிடும் என்பார்கள். காய்ந்த மணலில் மெதுவாக இறங்கினால்தான் அது நடக்கும். நீர்மட்டத்திலேயே விழுந்த கழிவு வடிகட்டப்படாமல் பக்கத்து ஊற்றை நோக்கி நகரும்.

குழியின் அடிக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே 2 மீட்டராவது காய்ந்த மண் வேண்டும். செப்டம்பரில் கடப்பாரை போட்டுப் பார்த்துவிட்டு 'ஆழத்தில்தான் இருக்கிறது' என்று நம்ப வேண்டாம். அருகிலுள்ள பழைய கிணற்றுக்குள் எட்டிப் பாருங்கள். சுவரில் பாசி படிந்த மேல்கோடு தெரியும். கார்த்திகையில் தண்ணீர் நிற்கும் இடம் அது. உச்சிப்புளி, தங்கச்சிமடம், பெரியபட்டினம் பக்கத்து மணல் சைட்களில் அந்தக் கோட்டைப் பார்த்தபின் குழித் திட்டத்தைப் பெரும்பாலும் கைவிட வேண்டியிருக்கும். மாற்று, எல்லாப் பக்கமும் அடைத்த தொட்டியைத் தரைக்கு மேல் வைத்து, நிரம்புமுன் கழிவு உறிஞ்சும் லாரியில் எடுப்பது.

எத்தனை வேண்டும்

சட்டம் கேட்பது அதிகமில்லை. 1996-ஆம் ஆண்டு கட்டடத் தொழிலாளர் சட்டத்தின் 33-வது பிரிவு, ஆள் வேலை செய்யும் நேரமெல்லாம் எட்டுகிற இடத்தில் போதுமான கழிப்பறை இருக்க வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் 2020-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. ஆண், பெண், திருநர் மூவருக்கும் தனித்தனி ஏற்பாடு என்பது அதில் உண்டு. 'போதுமான' என்பதற்கு எண் வேண்டுமென்றால் 1971-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் மத்திய விதிகளின் கணக்கு கைகொடுக்கும்: 25 பெண்களுக்கு ஒன்று; ஆண்களில் முதல் 100 பேர் வரை 25 பேருக்கு ஒன்று, அதற்கு மேல் 50 பேருக்கு ஒன்று. அது குறைந்தபட்சம்தான். காலை வேலை தொடங்குமுன் எல்லோரும் ஒரே நேரத்தில் வருவார்கள். 15 பேருக்கு ஒன்று வைத்தால்தான் வரிசையில் நிற்கப் பொறுக்காமல் கருவைக்காட்டுக்கு ஒதுங்குவது நிற்கும்.

30 ஆண்கள், 10 சித்தாள்கள் உள்ள சைட்டை எடுத்துக்கொள்வோம். ஆண்களுக்கு 2, பெண்களுக்கு 1. 'ஆளே பத்துதான், பொதுவாக ஒன்று போதும்' என்று பெண்களுக்கானதை வெட்டுவது வழக்கமாகிவிட்டது. விளைவு, அந்தப் பத்துப் பேரும் வெயிலில் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்ப்பார்கள். நீர்க்கடுப்பும் மயக்கமும் அதனால் வருபவை.

தொட்டிக் கணக்கு

மூன்றுக்கும் சேர்த்து ஒரே பெரிய தொட்டி வைக்க வேண்டாம். பீங்கானுக்கு ஒரு தொட்டி என்று படுக்கை வாக்கில் இருக்கும் 1000 லிட்டர் கிடைத்தொட்டி மூன்று வாங்குங்கள். குழாய் குட்டையாக இருக்கும். ஒன்று அடைத்தாலும் மற்றவை ஓடும்.

சரிவு அதிகமுள்ள ரூரல் பீங்கானும், அதன் அடியில் நாற்றத்தைத் தடுக்கத் தண்ணீர் நிற்கும் வளைவான டிராப்பும் (20 மி.மீ. நீரடைப்பு உள்ளது) கேட்டு வாங்குங்கள். அதற்கு 2 லிட்டர் ஊற்றினால் போதும். வீட்டுக்குப் போடும் சாதாரண பீங்கான் இதைப்போல நாலு மடங்கு தண்ணீர் கேட்கும், தொட்டியும் அவ்வளவு வேகமாக நிரம்பும். பகலில் மட்டும் வேலை செய்யும் ஆணுக்கு, கழுவுவது ஊற்றுவது எல்லாம் சேர்த்து, நாளுக்கு 8 லிட்டர், பெண்ணுக்கு 11 லிட்டர் என்று எண்ணுங்கள். ஓர் ஆண்கள் தொட்டியில் 15 பேர், 120 லிட்டர். பெண்கள் தொட்டியில் 110. 1000 லிட்டர் தொட்டியில் குழாய் நுழையும் மட்டம் வரை 900-தான் கொள்ளும். ஆக ஏழு, எட்டு நாளில் நிரம்பும். லாரியை ஆறாம் நாளுக்குச் சொல்லி வையுங்கள். மழை பெய்தால் லாரி ஒரு நாள் தள்ளித்தான் வரும். ஆட்கள் சைட்டிலேயே தங்கினால் இந்தக் கணக்கை இரட்டிப்பாக்குங்கள். குளிக்கும் தண்ணீரை மட்டும் எக்காரணத்துக்கும் இதில் விடக் கூடாது. அதற்கு வேறு வாய்க்கால்.

தொட்டி 3 அடி உயரம், அதற்கு மேல் டிராப், குழாய்க்குச் சரிவு. அதனால் தளம் 4 அடி உயரத்தில் வர வேண்டும். படிக்கு 7 அங்குலம் என்று 7 படி, இருபுறமும் கைப்பிடி. 6 அங்குல சிமென்ட் கல்லில் மூன்று பக்கச் சுவர், மேலே 3 அங்குல சிலாப், 8 மி.மீ. கம்பியை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் 6 அங்குல இடைவெளியில் கட்டினால் 4 அடி அகலத்துக்குத் தாங்கும். அறை உள்ளளவு 3க்கு 4 அடிக்குக் குறைய வேண்டாம். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். பீங்கானிலிருந்து தொட்டிக்கு 4 அங்குல பி.வி.சி., 40-க்கு 1 சரிவு, வளைவே இல்லாமல். காற்றுக்குழாய் 3 அங்குலம், கூரைக்கு மேல் ஒன்றரை அடி, வாயில் துருப்பிடிக்காத எஸ்.எஸ். வலை. வலை இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் கொசு.

படி ஏறச் சோம்பல்பட்டு தொட்டியைப் பாதி புதைப்பவர்களும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் நீர்மட்டம் ஏறி நிற்கும்போது லாரி வந்து தொட்டியைக் காலி செய்துவிட்டுப் போகும். அன்று இரவே தொட்டி மணலைப் பிளந்துகொண்டு மேலே வரும். முழுக்க நீரில் அமிழ்ந்த 1000 லிட்டர் காலித் தொட்டியைத் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு டன் விசையோடு மேலே தள்ளும். பாதி அமிழ்ந்தால் அரை டன். குழாய் இணைப்பு முறிந்து, மறுநாள் காலை ஊற்றும் முதல் வாளி சைட்டுக்குள் ஓடும். தரைக்கு மேலிருக்கும் தொட்டிக்கு வேறு தொல்லை: காலியாக இருக்கும்போது காற்று தள்ளிவிடும். காலி செய்த உடனே 100 லிட்டர் தண்ணீர் ஊற்றி, நைலான் கயிற்றால் சுவரோடு கட்டுங்கள். அடியில் கழிவு காய்ந்து ஒட்டாமலிருக்கவும் அந்தத் தண்ணீர் உதவும்.

எந்தப் பக்கம் வைப்பது

கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து வரும், வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து. இரண்டும் ஒரே கோட்டில் எதிரெதிர். அதனால் தங்கும் கொட்டகைக்கு வடமேற்கிலோ தென்கிழக்கிலோ கழிப்பறையை வைத்தால் இரண்டு பருவத்திலும் நாற்றம் கொட்டகைக்குள் வராது. குடிநீர் வைக்கும் இடத்திலிருந்து 6 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்று 1996 சட்டத்திலேயே இருந்தது. கிணறோ ஊற்றோ இருந்தால் 15 மீட்டர் விடுங்கள், தொட்டி கசியாது என்று உறுதியாகத் தெரிந்தாலும். லாரி மணலில் இறங்கினால் ஏறாது. கழிவோடு அதன் எடை இன்னும் கூடும். கெட்டியான பாதையிலிருந்து குழாய் எட்டும் தூரம் எவ்வளவு என்று லாரிக்காரரிடம் முன்பே கேட்டுவிட்டு இடத்தைக் குறியுங்கள்.

உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. முதலில் போவது தாழ்ப்பாள். மூன்று மாதத்தில் துருப்பிடித்து இறுகும், யாரோ கல்லால் அடித்துத் திறப்பார்கள், அதோடு கதவுக்குப் பூட்டு இல்லை. தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குள் எந்தப் பெண்ணும் போகமாட்டாள். எஸ்.எஸ். 304 தாழ்ப்பாளும் கீலும் போடுங்கள். கிடைக்காவிட்டால் திருகாணியில் சுற்றும் மரக்கட்டை போதும், அது துருப்பிடிக்காது. கதவு பி.வி.சி.யாக இருக்கட்டும். பலகையில் தமிழோடு இந்தியும் வங்காளமும் எழுதி, ஆண் பெண் படமும் வரைந்துவிடுங்கள். இப்போது பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்து தெரியாது.

தண்ணீரும் துப்புரவும்

ஊற்றுவதற்கு உப்பான போர்வெல் தண்ணீர் தாராளமாகப் போதும். கடல் தண்ணீரை மட்டும் தூக்கி வந்து ஊற்ற வேண்டாம். அதிலுள்ள சல்பேட் மூடிய தொட்டிக்குள் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடாக மாறும். அது நச்சு வாயு. கை கழுவ உப்புத் தண்ணீரில் கட்டிச் சோப்பு நுரைக்காது. திரவ சோப்பு வைத்து, 200 லிட்டர் டிரம்மில் குழாய் பொருத்தி நல்ல தண்ணீர் விடுங்கள்.

படியின் கீழே கால் கழுவ ஒரு சிமென்ட் மேடை அவசியம். காலில் ஒட்டி வரும் மணல்தான் டிராப்பை அடைக்கிறது. கரண்டி, சட்டி கழுவிய சிமென்ட் பாலை உள்ளே ஊற்றினால் அது டிராப்பிலேயே இறுகும். பிறகு பீங்கானை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். பெண்கள் அறையில் மூடியுள்ள வாளியும் பழைய பேப்பரும் வையுங்கள், தினமும் காலி செய்யுங்கள். நாப்கின் பீங்கானுக்குள் போவது வாளி இல்லாததால்தான்.

காலை, மதியம் இரு வேளை கழுவ ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்து, கையுறை, பூட்ஸ் கொடுங்கள். 10 லிட்டர் வாளிக்கு 200 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும். ஆசிட்டும் பிளீச்சிங்கும் ஒரே நேரத்தில் போட்டால் குளோரின் வாயு கிளம்பும், அடைத்த அறையில் மூச்சு முட்டிவிடும். தொட்டிக்குள் ஆள் இறங்கவே கூடாது, கயிறு கட்டிக்கொண்டும் கூடாது. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் கழிவுத் தொட்டிக்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், இறக்கியவருக்குச் சிறை உண்டு. அடைத்தால் மூடி வழியாகக் கம்பு விட்டுப் பார்க்கலாம், மீதி வேலை இயந்திரத்துக்கு.

உரிமம் உள்ள லாரியா என்று பார்த்து, எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று கேட்டு ரசீது வாங்கி வையுங்கள். விலை மிகக் குறைவாகச் சொன்னால் அது பெரும்பாலும் கண்மாய்க்கரைக்கோ கருவைக்காட்டுக்கோ போகிறது என்று அர்த்தம்.

வேலை முடிந்ததும் கடைசி முறை காலி செய்து, சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவி, தொட்டி அடுத்த சைட்டுக்குப் போகலாம். போகுமுன் நாலு பக்கமும் சிவப்பு பெயிண்டில் 'கழிவு' என்று பெரிதாக எழுதிவிடுங்கள். கழுவிக் காய்ந்த கறுப்புத் தொட்டியைப் பார்த்தால் அடுத்த மேஸ்திரிக்கு அது தண்ணீர்த் தொட்டியாகத்தான் தெரியும்.