தனிக்குடித்தனத்தின் நிம்மதியைக் கெடுக்கும் சில தவறுகள்

எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனுக்குக் குடிவருகிறவர்கள் பெரும்பாலும் புதிதாகத் திருமணம் ஆனவர்கள். ஆத்தூர், ஓமலூர், மேச்சேரி, சங்ககிரி எனச் சுற்று வட்டாரத்திலிருந்து வேலையின் பொருட்டுச் சேலத்துக்கு வந்து, அம்மாபேட்டையில் இரண்டு அறையும் ஒரு சமையலறையுமாகக் குடித்தனத்தைத் தொடங்குகிறார்கள். ஒருவர்மேல் ஒருவர் அன்பாக இருப்பவர்கள்தான், ஆனாலும் சில மாதங்களுக்குள் தண்ணீருக்கும் பருப்புக்கும் மின்கட்டண ரசீதுக்குமாக முகம் சுளிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் நடந்தவையே ஒவ்வொரு புதுக் குடும்பத்திலும் மறுபடி நடப்பதைப் பார்க்கும்போது, இவற்றை எழுதி வைத்தால் யாருக்கேனும் பயன்படும் என்று தோன்றியது.

வரவுக்கு மேல் செலவு செய்யக் கூடாது, நேரத்துக்குத் தூங்க வேண்டும் என்பன போன்ற, எல்லாருக்கும் தெரிந்தவற்றை இங்கே எழுதப் போவதில்லை. நான் பார்த்த வரையில் வீட்டின் நிம்மதியைக் குலைப்பவை பெரிய துன்பங்களைவிட, செய்வதற்கென்று ஒரு கிழமையும் பொறுப்பேற்க ஓர் ஆளும் இல்லாமல் கிடக்கும் சிறிய வேலைகள்தாம். அவற்றை யாரும் வேண்டுமென்றே விட்டுவிடுவதில்லை. மற்றவர் செய்திருப்பார் என்று இருவருமே நினைத்துக்கொள்கிறார்கள்.

எல்லா வேலையையும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுதல்

துணி துவைப்பது, ஒட்டடை அடிப்பது, மளிகை வாங்குவது, இட்லிக்கு மாவரைப்பது ஆகிய அனைத்தையும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிவிட்டால், வாரத்தில் ஓய்வு என்று ஒரு நாளே மிஞ்சுவதில்லை. உழவர் சந்தைக்கு வாரத்தின் நடுவில் ஒரு காலை போய்விட்டு வருவதும், இரண்டு நாளைக்கு ஒரு முறை கொஞ்சமாகத் துவைப்பதும் ஆறு நாள்களில் அரை மணி அரை மணியாகக் கரைந்துவிடக்கூடிய வேலைகள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலை எந்த வேலையும் இல்லாத பொழுதாக இருவரும் பேசி முடிவு செய்து காப்பாற்றிக்கொண்டால், மற்ற நாள்களின் அலுப்பு அடுத்த வாரத்துக்கு எடுத்துச் செல்லப்படாது.

தண்ணீரைப் பிடித்து வைத்துவிட்டு மறந்துபோதல்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நான் கண்ட தவறுகளிலெல்லாம் அதிக விலை கொடுக்க வைத்தது இதுதான்.

ஒரு காலத்தில் பனமரத்துப்பட்டி ஏரியை நம்பியிருந்த சேலத்துக்கு இப்போது குடிநீர் மேட்டூரிலிருந்து வருகிறது. நகரின் பல பகுதிகளில் குழாயில் தினமும் தண்ணீர் வருவதில்லை என்பதால், வருகிற நாளில் கையில் கிடைக்கும் குடம், பக்கெட், டிரம், அண்டா அனைத்தையும் நிரப்பிவிடுகிற பழக்கம் எங்கள் ஊரில் ஆழமாக ஊறியிருக்கிறது. தண்ணீரைச் சேமிப்பதில் தவறில்லை. எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் பார்க்காமல் சேமிப்பதும், சேமித்த பாத்திரத்தை யார் எந்தக் கிழமையில் தேய்த்துக் கழுவுவது என்று முடிவு செய்யாமல் விடுவதும்தான் தவறு.

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, அது நாம் குடிப்பதற்காகப் பிடித்து வைத்திருக்கும் தெளிந்த தண்ணீரைத்தான் தேடி வருகிறது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமாக இருக்கும் பாத்திரத்தின் உட்சுவரில் அது முட்டையிடுகிறது. அந்த முட்டைகள் பசை போட்டாற்போல் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றிக் காய்ந்த பிறகும் பல மாதங்கள் உயிரோடிருந்து, மறுபடி தண்ணீர் நிரம்பி அவற்றை மூடியவுடன் பொரிந்துவிடுகின்றன. முட்டை பொரிந்து, புழுவாகிக் கூட்டுப்புழுவாகிக் கொசுவாகப் பறப்பதற்கு நம் ஊர் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாள்கள் போதும். ஆகவே பழைய தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரைப் பிடிப்பதால் மட்டும் எதுவும் ஆவதில்லை. உட்சுவரைத் தேங்காய் நாரோ பிரஷோ கொண்டு அழுத்தித் தேய்த்தால்தான் முட்டைகள் போகும், அதையும் வாரத்துக்கு ஒரு முறை தவறாமல் செய்ய வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் மாடியில் ஒரு குடும்பம் இருந்தது. கணவர் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை ஒன்றில் வேலை செய்தார். யூகேஜி படிக்கும் பெண் குழந்தை ஒன்று. குளியலறைக்கு வெளியே 200 லிட்டர் டிரம் ஒன்றை வைத்து, அதன்மேல் ஒரு பக்கம் உடைந்த மூடியைப் போட்டிருந்தார்கள். அதைப் பற்றி நான் சொன்னபோது, "வாரா வாரம் தண்ணியைக் கீழ ஊத்திட்டுத்தாங்கக்கா புதுசு புடிக்கிறோம்" என்று குழந்தையின் அம்மா பதில் சொன்னாள். அவள் சொன்னது உண்மைதான், ஊற்றியதும் பிடித்ததும் நடந்தன, தேய்ப்பது மட்டும் நடக்கவில்லை.

ஐப்பசி மழை தொடங்கிய சமயத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மருந்தைக் கொடுத்து வந்தார்கள். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியதும் சரியாகிவிட்டது என்று நினைத்து வேலைக்கும் போய்விட்டார்கள். அன்று மாலையே குழந்தை துவண்டு போய், வயிற்று வலி என்று அழுது, மாறி மாறி வாந்தி எடுத்தது. மருத்துவமனையில் சேர்த்துப் பிழைக்க வைத்துவிட்டார்கள், அதற்குள் தாலிக்கொடி நீங்கலான நகைகளெல்லாம் அடகுக் கடைக்குப் போயிருந்தன. மாநகராட்சிப் பணியாளர்கள் வந்து பார்த்தபோது டிரம்மிலும், குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டிலும் புழுக்கள் நெளிந்தன. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் என்னவென்றால், குழந்தை வீடு திரும்பிய அடுத்த வாரமே அந்த டிரம் தேய்க்கப்படாமல் மறுபடி நிரப்பப்பட்டதுதான். யார் தேய்ப்பது என்று கணவன் மனைவி இருவருக்குள்ளும் அதுவரையில் முடிவாகியிருக்கவில்லை.

டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரமே அபாயம் தொடங்கும் நேரம் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் அறிந்திருக்க வேண்டும். காய்ச்சல் தணிந்த ஓரிரு நாள்களுக்குள் கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, அளவுக்கு மீறிய சோர்வு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போக ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. டெங்கு என்று சந்தேகம் இருக்கும்போது பாராசிட்டமால் தவிர, ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளையும் சிரப்புகளையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது, அவை இரத்தக் கசிவை அதிகப்படுத்தக்கூடியவை. நிலவேம்புக் குடிநீர் குடித்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் தண்ணீர்த் தொட்டியை மறந்துவிடவும் கூடாது.

செய்ய வேண்டியது அதிகமில்லை. இருவரும் ஒரு குழந்தையும் உள்ள வீட்டில் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து லிட்டர் மேட்டூர் தண்ணீர் போதும். நான்கு நாளைக்கு ஒரு முறை வந்தாலும் 100 லிட்டருக்கு மேல் சேர்த்து வைக்கத் தேவையில்லை. குளிக்கவும் துவைக்கவும் போர் தண்ணீர் இருக்கிற வீட்டில் பெரிய டிரம்மே வேண்டாம், கை உள்ளே எட்டித் தேய்க்கக்கூடிய அளவில் இரண்டு பாத்திரங்கள் இருந்தால் வேலை எளிது. சரியாகப் பொருந்தாத மூடியைவிட, பழைய வேட்டியை இரண்டாக மடித்து வாயில் இறுகக் கட்டுவது நல்ல காப்பு. தேய்ப்பதற்கு ஒரு கிழமையைக் குறித்துக்கொண்டு, அதே நாளில் குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, ஏர்கூலர், பூந்தொட்டியின் அடித்தட்டு, மொட்டை மாடியில் கிடக்கும் தேங்காய் ஓடு, பயன்படுத்தாத ஆட்டுக்கல்லின் குழி, மேல்நிலைத் தொட்டியின் மூடி ஆகியவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட வேண்டும்.

இந்தக் கொசு பெரும்பாலும் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை என்பதால், ஒரு தெருவில் வரும் டெங்கு அநேகமாக அந்தத் தெருவின் பாத்திரங்களிலிருந்தே வருகிறது. 2017-இல் சேலம் மாவட்டம் டெங்குவால் எவ்வளவு துன்பப்பட்டது என்பதை அந்த ஆண்டில் இங்கே இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். அப்படியிருந்தும், கொசுப்புழுவை அழிக்கும் அபேட் மருந்து ஊற்ற வரும் பணியாளர்களை "எங்க வீட்டுல எல்லாம் சுத்தமாத்தான் இருக்கு" என்று கதவருகிலேயே திருப்பி அனுப்புகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். வெயிலில் படியேறி வருகிற அந்தப் பெண்களுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து, உள்ளே அழைத்துத் தொட்டியைக் காட்டுவதே முறை.

மொத்தமாக வாங்கினால் லாபம் என்று நம்புதல்

லீ பஜாரில் மொத்த விலைக்குக் கிடைக்கிறது என்று இரண்டு பேருக்குப் பத்துக் கிலோ துவரம்பருப்பும் ஐந்து கிலோ ரவையும் வாங்கி வந்து, மூன்றாம் மாதத்தில் வண்டு பொறுக்கிக்கொண்டு உட்காருவது பெரிய மனச்சுமை. கிலோவுக்கு மிச்சமான சில ரூபாயைவிட, வீணாகக் கொட்டியதும் அதைப் பற்றி எழுந்த பேச்சும் அதிகமாக இருக்கும். இதற்கு எங்கள் வீட்டில் ஓர் எளிய விதி உண்டு: உடைத்ததும் அரைத்ததும் மாதத்துக்கு மாதம், முழுதாக உள்ளது கொஞ்சம் நாள் தாங்கும், புளி மட்டும் ஆண்டுக்கு ஒரு முறை. மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது வாங்கிக் கொட்டையும் நாரும் நீக்கி, வெயிலில் காயவைத்து, கல்லுப்புக் கலந்து பானையில் அழுத்தி வைத்தால் ஆண்டு முழுவதும் கெடாது. ரவையை வாங்கிய அன்றே வறுத்து ஆறவைத்துப் போட்டு வைப்பது நல்லது. துவரம்பருப்பை வெயிலில் காயவைத்து, சூடு முழுவதும் ஆறிய பிறகே டப்பாவில் அடைக்க வேண்டும், சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பருப்புக் கெட்டுவிடும்.

வீட்டுக் கணக்கை ஒருவர் நினைவில் மட்டும் வைத்திருத்தல்

சிலிண்டர் எப்போது மாற்றினோம், பால்காரருக்கு எவ்வளவு, மின் இணைப்பு எண் என்ன, ரேஷன் கார்டு எங்கே என்ற எல்லாவற்றையும் ஒருவரே நினைவில் வைத்திருக்கும் வீட்டில், அவர் இரண்டு நாள் காய்ச்சலாகப் படுத்தால் குடும்பமே நின்றுவிடுகிறது. அவரும் ஓய்வெடுக்க முடியாமல் படுக்கையிலிருந்தே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் பால் கணக்கு எழுதுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். அதே காலண்டரில் சிலிண்டர் மாற்றிய தேதி, மின்கணக்கு எடுத்த தேதி, தொட்டி தேய்த்த நாள் ஆகியவற்றையும், செய்தவரே செய்தவுடன் குறித்துவிட்டால் யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுக்கப்படுகிறது, எடுத்த நாளிலிருந்து 20 நாள்களுக்குள் கட்ட வேண்டும். 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்லாமல் அதற்குக் கீழே உள்ளவற்றுக்கும் கட்டண அடுக்கு மாறிவிடும் என்பதை அறியாமல், கோடையில் ரசீதைப் பார்த்து அதிர்ந்து போகிறார்கள். தொட்டி தேய்க்கும் நாளில் மீட்டரையும் ஒரு முறை பார்த்துக் காலண்டரில் எழுதி வந்தால் அந்த அதிர்ச்சிக்கு இடமிருக்காது. அடுப்பின் ரப்பர் குழாயை 5 ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், மாற்றிய ஆண்டையும், வாயுக் கசிவுக்கான அவசர எண்ணான 1906-ஐயும் காலண்டரின் மேல் அட்டையில் எழுதி வைக்கலாம்.

மாதத் தவணையில் வசதிகளை வாங்குதல்

ஒரு தவணை முடிந்த பிறகே அடுத்தது.

"எங்க வீட்டுல இப்படிச் செய்ய மாட்டாங்க" என்று சொல்லுதல்

இருவருமே சொல்லக் கூடாது.

விருந்தினர் வருவதற்கு முன் வீட்டைப் புரட்டிப் போடுதல்

ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குச் சொந்தபந்தங்கள் வரும்போது, முந்தின நாள் பரண்வரை இறக்கிச் சுத்தம் செய்து, விடியற்காலையில் எழுந்து தனியாகவே அத்தனை பேருக்கும் சமைத்துவிட்டு, வந்தவர்களோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசக்கூடத் தெம்பில்லாமல் போகிற பெண்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. வருகிறவர்கள் பரணைப் பார்ப்பதற்காக வருவதில்லை. வரும் அத்தையிடமும் நாத்தனாரிடமும் காய் நறுக்கவோ தேங்காய் துருவவோ கொடுத்தால் அவர்களுக்கும் மனம் நிறையும், சாயங்காலம் தட்டுவடை செட்டைக் கடையில் வாங்கிக்கொண்டால் ஒரு வேளை அடுப்பும் ஓயும்.

ஏற்காட்டுக்கு விடுமுறை நாளில் மட்டும் செல்லுதல்

முப்பது கிலோமீட்டரில் ஒரு மலையை வைத்துக்கொண்டு, கோடை விழா நடக்கும் மே மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகளுக்கு நடுவே சிக்கி, ஏரிக்கரையில் நிற்க இடமில்லாமல் குழந்தையை அழவிட்டுத் திரும்பி வந்து, "இனிமே எங்கயும் போக வேண்டாம்" என்று சொல்கிற குடும்பங்கள் அநேகம். விடுப்புக் கிடைக்கிற ஒரு செவ்வாயோ புதனோ, புளிச்சாதத்தைக் கட்டிக்கொண்டு காலையிலேயே பேருந்தில் ஏறினால் சாயங்காலத்துக்குள் நிம்மதியாகத் திரும்பிவிடலாம். சொந்த வண்டியில் போகிறவர்கள் ஏறும்போது அடிவாரத்து வழியிலும் இறங்கும்போது குப்பனூர் வழியிலும் வரலாம். குப்பனூர்ச் சாலையில் கூட்டம் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும், வளைவுகளில் குமட்டல் வருகிற குழந்தைகளுக்காக இடையிடையே வண்டியை ஓரங்கட்டி நிறுத்தவும் முடியும்.