புதிய தொட்டியில் சோர்ந்துபோன மீன்களைத் தேற்றுவது எப்படி?

தொட்டி வைத்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும், தண்ணீரும் பளிங்குபோல் தெளிந்திருக்கும். ஆனாலும் மீன்கள் துடுப்புகளை உடலோடு ஒட்ட மடக்கிக்கொண்டு மூலையில் ஒடுங்கும், அல்லது நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இதைக் கண்டதும் பலரும் மருந்தைத் தேடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு மீனில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது.

மீன்கள் வெளியேற்றும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் புதிய ஃபில்டரில் போதிய அளவு இருப்பதில்லை. அவை பெருகுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை தேங்கும் அம்மோனியா செவுளைப் புண்ணாக்கும், நைட்ரைட்டோ இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைக்கும்.

முதல் படி: சோதனைக் கிட் கொண்டு அம்மோனியா, நைட்ரைட், பி.எச். (நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்) மூன்றையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டும் 0 ஆக இருக்க வேண்டும். பி.எச். 7 இலிருந்து 8 ஆக உயர்ந்தால், அதே அளவு அம்மோனியாவின் நச்சுப் பகுதி ஏறத்தாழ பத்து மடங்காகும் என்பதால், பி.எச். எண்ணைப் பார்க்காமல் அம்மோனியா எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

இரண்டாம் படி: தண்ணீரில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மாற்றுங்கள். அம்மோனியா, நைட்ரைட் அளவு குறையும்வரை இதைத் தினமும் செய்யலாம். புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கியைக் குப்பியில் குறித்த அளவில் கலந்து, வெப்பநிலை தொட்டிக்கு இணையாக இருப்பதைத் தெர்மாமீட்டரில் பார்த்த பிறகு, மெதுவாக ஊற்றுங்கள். ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீரில் குளோரின் பறந்துவிடும், குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) போகாது.

மூன்றாம் படி: ஏர் பம்பை நிறுத்தாமல் ஓட விட்டு, விளக்கை அணைத்துவிடுங்கள். ஓரிரு நாள் உணவு வேண்டாம். வளர்ந்த மீன்கள் அதைத் தாங்கும், மிஞ்சி அழுகும் உணவைத்தான் தொட்டி தாங்காது. பிறகு இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் சிட்டிகை போதும்.

நான்காம் படிதான் எல்லாவற்றிலும் பலன் தருவது. நோயில்லாத பழைய தொட்டியின் ஃபில்டரிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்சை, காயவிடாமல், அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் வையுங்கள். ஸ்பாஞ்சைக் குழாய் நீரில் அலசக் கூடாது. பழுப்பாக இருக்கிறதே என்று நான் ஒருமுறை வெள்ளை வெளேரென்று கழுவி வைத்தேன். மூன்றாம் நாள் மீன்கள் மீண்டும் மேலே வந்து வாயைத் திறந்தன. போன அழுக்கோடு பாக்டீரியாக்களும் போயிருந்தன. கழுவத்தான் வேண்டுமென்றால், தொட்டியிலிருந்து எடுத்த நீரில் லேசாகப் பிழிந்தால் போதும்.

நைட்ரைட் மட்டும் உயர்ந்திருந்தால், லிட்டருக்கு 1 கிராம் அயோடின் கலக்காத உப்பைத் தனியே கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். நீர்த்தாவரங்களோ கோரிடோராஸ் போன்ற கெளுத்தி வகை மீன்களோ இருந்தால் இதைத் தவிர்த்து, நீர் மாற்றத்தையே கூட்டுங்கள். வெண்புள்ளியோ பஞ்சுபோன்ற படலமோ தெரிந்தால் மட்டும் அதற்குரிய மருந்தை நினையுங்கள், ஆன்டிபயாடிக்குகள் சில ஃபில்டர் பாக்டீரியாக்களையும் கெடுக்கக்கூடும்.

துடுப்புகள் விரிந்து, உங்கள் நிழலைக் கண்டதும் மீன்கள் உணவு தேடி வரத் தொடங்கினால் அவை தேறுகின்றன. ஆனாலும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து ஒரு வாரம் 0 காட்டும்வரை புதிய மீன் எதையும் சேர்க்க வேண்டாம்.