எம்.எஸ். நோயாளிக்குக் கூட்டுச் சிகிச்சை: யார், எதை, எந்த வரிசையில்

மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் (எம்.எஸ்.: மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை உடலின் எதிர்ப்பு சக்தியே தாக்கும் நோய்) உள்ளவருக்குக் கால் இறுக்கம் திடீரென்று கூடினால், உடனே பாக்லோஃபென் என்ற தசைத் தளர்வு மாத்திரையின் அளவை ஏற்றிவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப்புண், சதைக்குள் வளர்ந்த கால்நகம் இவற்றை முதலில் பாருங்கள். ஏதேனும் ஒன்று இருந்தாலே தசை இறுகும். அதைச் சரிசெய்தால் இறுக்கமும் பெரும்பாலும் தணியும். மாத்திரையை மட்டும் கூட்டினால், அந்த இறுக்கத்தை ஊன்றி நின்றவருக்குக் கால் துவண்டு, விழ நேரிடும். எனவே பாக்லோஃபெனைப் பொதுவாக 5 மி.கி. வீதம் தினம் மூன்று வேளையில் தொடங்கி, மெதுவாக ஏற்ற வேண்டும். ஒவ்வொரு படியிலும் பிசியோதெரபிஸ்ட் நடையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். திடீரென நிறுத்தவே கூடாது; வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம்.

நரம்பியல் மருத்துவர், பிசியோ, அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், சிறுநீர்ப் பிரிவு மருத்துவரான யூராலஜிஸ்ட், மனநல ஆலோசகர் எனப் பலர் பார்க்கும்போது கோப்பு ஒன்றாகவும், பொறுப்பாளர் ஒருவராகவும் இருக்கட்டும். எம்.எஸ். பயிற்சி பெற்ற செவிலியர் இதற்கு மிகப் பொருத்தமானவர். நோயாளி முதலில் அழைக்க வேண்டிய எண்ணும் அவருடையதே.

முதல் வருகையிலேயே அடிப்படை அளவுகளை எடுத்துவிடுங்கள்: 25 அடி நடக்க ஆகும் நேரம், ஒன்பது துளைப் பலகையில் குச்சிகளைச் செருகி எடுக்கும் கைவேகம், நினைவையும் கவனத்தையும் பார்க்கும் 90 வினாடி குறியீட்டுச் சோதனை (குறிகளுக்கு உரிய எண்ணைச் சொல்வது). நினைவும் கவனமும் முதலில், நடை கடைசியில். அடுத்த முறையும் அதே வரிசை, அதே வேளை. இல்லாவிட்டால் நோயை அல்ல, களைப்பைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். நடை நேரம் 20 சதவீதம் கூடியிருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டும்.

அவசரமாகச் சிறுநீர் வருகிறது என்றால், கழித்தபின் மீதி எவ்வளவு என்று ஸ்கேனில் பாருங்கள். 100 மி.லி.க்கு மேல் தேங்கியிருக்கும்போது சிறுநீர்ப்பையைத் தளர்த்தும் மாத்திரையை மட்டும் கொடுத்தால் தேக்கம் கூடும், தொற்று வரும். இடைவெளி விட்டுத் தானே குழாய் செருகிக்கொள்ளக் கற்றுக்கொடுப்பது பற்றி யூராலஜிஸ்ட்டோடு பேசுங்கள்.

நோயின் மறுதாக்கமா (நோய் மீண்டும் புதிதாகத் தாக்குகிறதா) என்ற கேள்வி வந்தால்: புதிய அறிகுறி 24 மணி நேரத்துக்கு மேல் நீடிக்க வேண்டும், காய்ச்சலோ தொற்றோ காரணமாக இருக்கக் கூடாது. உடல் சூடேறினாலே பழைய அறிகுறிகள் தலைகாட்டும். சிறுநீர்ப் பரிசோதனை முடிவு வரும்வரை ஸ்டீராய்டைத் தொடங்க வேண்டாம். உறுதியானால் மெத்தில்பிரெட்னிசோலோன்: வாய்வழி தினம் 500 மி.கி. 5 நாள், அல்லது டிரிப்ஸில் தினம் 1 கிராம் 3 முதல் 5 நாள்.

எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் ஓக்ரெலிசுமாப் போன்ற எம்.எஸ். மருந்து திட்டத்தில் இருந்தால் தடுப்பூசிகளை முந்திப் போட்டுவிடுங்கள். உயிருள்ள கிருமி கொண்டவை குறைந்தது 4 வாரம் முன்பும், மற்றவை முடிந்தவரை 2 வாரம் முன்பும் முடிந்திருக்க வேண்டும்.