முன் ரயர் உரசுதா? கேஈ 70, டட்சன் சன்னி வைத்திருப்போருக்கு

போல்ட் ஓட்டை பொருந்தினால் ரிம்மும் பொருந்தும் என்று நினைப்பதில்தான் பாதி வில்லங்கம் தொடங்குகிறது. டொயோட்டா கேஈ 70, டட்சன் சன்னி பி310 இரண்டுக்கும் நாலு போல்ட், பி.சி.டி. (போல்ட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம்) 114.3 மி.மீ. அதே அளவில் பழைய அலோய் ரிம்கள் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை முன்சில்லு இழுக்கும் கார்களில் கழற்றியவை. அவற்றின் ஓஃப்செட், அதாவது ரிம்மில் ஈ.டி. என்று அடித்திருக்கும் எண், 38 முதல் 45 வரை இருக்கும். ஹப் பதியும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளியே இருக்கிறது என்பதே அது. எண் கூடக்கூட சில்லு உள்ளுக்குப் போகும். பின்சில்லு இழுக்கும் நம் பழைய கார்களுக்கு அது மிக அதிகம். நட் நன்றாக ஏறும், சில்லு மட்டும் ஸ்ட்ரட்டில் (ஸ்பிரிங்கைத் தாங்கும் ஷொக் தூணில்) போய் முட்டும்.

கணக்கு லேசு. உங்கள் பழைய ரிம் 5 இஞ்சி அகலம், ஈ.டி. 20 என்று வைப்போம். புதியது 6 இஞ்சி, ஈ.டி. 35. அகலத்தால் உள்ளுக்கு 12.7 மி.மீ., ஓஃப்செட்டால் இன்னும் 15. மொத்தம் 27.7 மி.மீ. ஸ்ட்ரட் பக்கம் நகர்கிறது. அதே 6 இஞ்சியில் ஈ.டி. 10 வாங்கினால் உள்ளுக்கு 2.7 மட்டும், ஆனால் வெளியே 22.7 மி.மீ. தள்ளி மட்காட்டைத் தொடும். எண் அழிந்திருந்தால் காற்றடித்த சில்லை முகம் கீழே கிடத்தி, ரயரின் பின்பக்கத்துக்குக் குறுக்கே நேரான ஒரு பலகையை வையுங்கள். பலகையிலிருந்து ஹப் பதியும் முகம் வரை அளந்து, பழைய சில்லையும் அதே மாதிரி அளந்து கழித்துப் பாருங்கள். ரயரின் வீக்கமும் சேர்ந்து வருவதால் இதுவே நம்பகமான அளவு.

ரயர் உயரத்தையும் பார்க்க வேண்டும். 13 இஞ்சி ரிம்மில் வழக்கமாக வரும் 155/80 ஆர் 13 ஏறத்தாழ 578 மி.மீ. 185/60 ஆர் 14ம் 578, 195/50 ஆர் 15 ஏறத்தாழ 576. இவை பிரச்சினை தராது. 185/65 ஆர் 14 போட்டால் 596 ஆகிவிடும். மேலே 9 மி.மீ. இடம் போய்விட்டது என்று அர்த்தம்.

ரிம்மைக் குறை சொல்ல முதல் வண்டியைப் பாருங்கள். இரு பக்கமும் ஹப் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை அளந்தால் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. வந்தால் ஒரு ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. பிரேக் பிடிக்கும்போது மட்டும் உரசினால் சில்லு பின்னுக்கு நகர்கிறது, அதை முன்பின் அசையாமல் பிடிக்கும் ரொட்டின் புஷ் தேய்ந்திருக்கிறது. இரண்டிலும் ரயரை மாற்றிப் பயனில்லை.

உரசும் இடத்தை அடையாளம் சொல்லும். ரயரின் உள்சுவரில் சுற்றிவர ஒரே கோடு விழுந்தால் ஸ்ட்ரட் அல்லது ஸ்பிரிங் தட்டு. வெளித்தோளில் விழுந்தால் மட்காட் விளிம்பு. முழு லொக்கில், அதாவது ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதும் திருப்பிய நிலையில், மட்டும் சத்தம் வந்தால் உள் மட்காட் அல்லது ரொட். சந்தேகமென்றால் பிள்ளைகள் விளையாடும் களியை மட்காட் விளிம்பின் உள்ளே ஒட்டி ஒரு சுற்று ஓடிப் பாருங்கள். நசுங்கிய களியின் தடிப்பே உங்களிடம் இருக்கும் இடைவெளி.

ஆனால் மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையின் கார்ப்பெட் ரோட்டில் ஓடிப் பார்த்து "உரசவில்லை" என்று முடிவெடுக்காதீர்கள். முன்சீற்றிலும் பின்சீற்றிலும் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு, வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிறவல் ரோட்டில் பள்ளம் விழும்போதுதான் விஷயம் தெரியும். சரியாக அறிய ஒரு வழி: ஸ்ட்ரட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, பம்ப் ஸ்டொப்பரோடு (சில்லு ஏறுவதை நிறுத்தும் ரப்பர்) திரும்பப் பூட்டி, சில்லு போட்டு, ஹப்பின் கீழ் ஜக் வைத்து முழுதும் உயர்த்துங்கள். அப்படியே லொக்குக்கு லொக் திருப்பிப் பாருங்கள். ஸ்பிரிங் கொம்பிரசர் போடாமல் ஸ்ட்ரட்டின் மேல் நடு நட்டைத் தொடவே கூடாது. ஸ்பிரிங் பாய்ந்தால் முகம் போய்விடும்.

ஸ்ட்ரட்டும் சில்லும் ஒன்றாகவே ஏறி இறங்குவதால் அங்கே இடைவெளி மாறாது, 6 மி.மீ. போதும். சேறு அடைக்கும் பாதையென்றால் 8. மட்காட் அப்படியில்லை. சில்லு முழுதும் ஏறிய நிலையில் அங்கே 10 மி.மீ.யாவது மிஞ்ச வேண்டும்.

ஸ்ட்ரட் பக்கம் முட்டினால் 3 அல்லது 5 மி.மீ. ஸ்பேசர் போடலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் ரிம்மை மாற்றுங்கள். ஸ்பேசர் போட்டபின் நட் ஏறும் சுற்றுகளை எண்ணுங்கள். டொயோட்டா ஸ்டட் 12 மி.மீ., பிட்ச் 1.5 என்பதால் 8 சுற்றாவது ஏற வேண்டும். டட்சனுக்கு பிட்ச் 1.25, ஆகவே 10. இரண்டு நட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், மாறிப் பூட்டினால் புரி போய்விடும்.

மட்காட் விளிம்பில் உரசினால் அதை உள்ளுக்கு மடிப்பதே நல்லது. ஹொட் எயர் கன்னால் பெயின்டைக் கை பொறுக்காத சூடு வரை ஏற்றி, பழைய துணி சுற்றிய உலக்கையை ரயருக்கும் விளிம்புக்கும் இடையில் நுழைத்து, ஒருவர் காரை மெதுவாகத் தள்ள மற்றவர் உலக்கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரே தடவையில் மடித்தால் வெளிப்பக்கம் புடைத்துவிடும். நாலைந்து தடவையில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். முன்பு புட்டி பூசிய மட்காட் கட்டாயம் வெடிக்கும், அதை டிங்கர் பாஸிடம் கொடுங்கள். கிரைண்டரால் விளிம்பை வெட்டுவது வேண்டாம். கூர் முனை ரயரைக் கிழிக்கும். மடித்த இடத்தில் ஸிங்க் பிரைமரும் அண்டர்சீலும் அன்றே பூச வேண்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நம் காற்றுக்கு ஒரு மாரி போதும், அந்த மடிப்பு துருவாகிவிடும்.

கேம்பர், அதாவது சில்லின் சாய்வு, ஒரு பாகை உள்ளுக்குச் சாய்த்தால் ரயரின் மேல்முனை ஏறத்தாழ 5 மி.மீ. உள்ளே போகும். ஒன்றரைக்கு மேல் போகாதீர்கள், ரயரின் உள்விளிம்பு தேயும். ஸ்ட்ரட்டையே மேலே சாய்ப்பதால் ஸ்ட்ரட் பக்க இடைவெளி இதனால் அதிகரிக்காது. ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைப் பதிப்பது எல்லாவற்றையும் கெடுக்கும். சில்லு தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து தட்டிலிருந்து விலகக்கூடும், ஏறும் இடமும் குறையும்.

முழு லொக்கில் மட்டும் உரசினால் லொக் ஸ்டொப்பருக்கு இரு பக்கமும் ஒரே தடிப்பு வாசர் போடுங்கள். திருப்பும் வட்டம் பெரிதாகும். அதே நேரம் பிரேக் ஹோஸ் ரயரில் படுகிறதா என்றும், ரிம்மின் உள்ளே ஒட்டிய பாரத் துண்டு பிரேக் கலிப்பரில் இடிக்கிறதா என்றும் பாருங்கள். ரிம்மைக் குற்றம் சொல்லிக் கழற்றிப் பார்த்தால் ஒட்டுப் பாரம்தான் கலிப்பரைத் தேய்த்திருக்கும்.

எதை மாற்றினாலும் டோ அளவை (முன்சில்லுகளின் முன்முனை உள்ளுக்கோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) சரிபார்த்து, நட்டை 100 நியூட்டன் மீட்டரில் இறுக்கி, 50 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.