ஐபோனில் இருக்கும் குரோம் குரோம் அல்ல: வலைச்செயலி செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீன் வியாபாரிகளுக்காகத் தாங்கள் செய்த வலைச்செயலியை, அதாவது உலாவியிலேயே திறக்கும் செயலியை, போன வாரம் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் இரண்டு இளைஞர்கள் காட்டினார்கள். ஐபோனில் திறந்தால் பாதி வேலை செய்யவில்லை. "குரோம் இறக்கிக்கொண்டால் சரியாகிவிடும், அண்ணே" என்றான் ஒருவன். 2019இல் நானும் இதையேதான் சொன்னேன். சின்னச் சின்னப் பிழைகள் தாமாகவே பிடிபட்டுவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

சின்னத்தைப் பார்த்து உலாவியை நம்புவது

இணையத்தில் உலாவும் எந்தச் செயலியும், பக்கத்தைப் படித்துத் திரையில் காட்டும் ஆப்பிளின் வெப்கிட் என்ஜினையே பயன்படுத்த வேண்டும் என்கிறது ஆப்பிளின் ஆப் ஸ்டோர் விதி 2.5.6. ஐபோனுக்கு குரோம் 2012இலும் ஃபயர்பாக்ஸ் 2015இலும் வந்தன. இரண்டுமே தங்கள் சொந்த என்ஜினைக் கரையில் விட்டுவிட்டுத்தான் ஏறின. பச்சை அடித்த படகு, நீலம் அடித்த படகு. உள்ளே ஓடும் எஞ்சின் ஒன்றுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் கட்டாயப்படுத்திய பிறகு, 2024 மார்ச்சில் அங்கு ஆப்பிள் வழிவிட்டது. அந்த வழி நமக்கு இல்லை.

இது தெரியாமல்தான் கீழக்கரை வியாபாரி ஒருவரிடம் குரோம் போடச் சொன்னேன். மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த ஐபோன் அவருடையது. கரையில் நின்று கணவாய்ப் பெட்டிகளின் எடையை ஒவ்வொன்றாகப் பதிந்தார். கடைசி மூன்று பெட்டியின்போது சிக்னல் இல்லை. திரையில் "அனுப்பப்படும்" என்று பச்சை எழுத்து வந்தது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆண்ட்ராய்டு குரோமில், சிக்னல் திரும்பியதும் பக்கம் மூடியிருந்தாலும் பதிவு தானாகப் போய்விடும். வெப்கிட்டில் அந்த வசதி கிடையாது. 14 பெட்டி ஏறிய வண்டி 11 பெட்டிக் கணக்கோடு புறப்பட்டது. அன்று இரவு வீட்டில் பக்கத்தைத் திறந்தபோதுதான் மீதி மூன்றும் போய்ச் சேர்ந்தன. அதற்குள் விலை முடிந்து பணமும் கைமாறியிருந்தது. அந்த மூன்று பெட்டிப் பணத்தை நான்தான் கொடுத்தேன். பொய் சொன்னது நான் எழுதிவைத்த அந்தப் பச்சை எழுத்து. நினைத்தால் இன்றும் எரிகிறது.

போய்ச் சேர்ந்த பிறகு மட்டும் "அனுப்பப்பட்டது" என்று காட்டுங்கள். அதுவரை சிவப்பில் "இன்னும் போகவில்லை, மூடாதீர்கள்" என்றே இருக்கட்டும்.

கணக்கைப் போனிலேயே விட்டுவைப்பது

ஆப்பிளின் உலாவியான சஃபாரியைப் பயன்படுத்தும் நாட்களில் ஏழு நாள் ஒரு தளத்தைத் தொடாமல் விட்டால், அது போனில் எழுதிவைத்த தரவு அழிக்கப்படும். 2020 முதல் இப்படித்தான். நம் கடலில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அதுவரை பக்கத்தைத் திறக்காதவரின் கணக்கு என்னவாகும்? முகப்புத் திரையில் சேர்த்த செயலிக்கு இந்த அழிப்பு இல்லை. முதல் நாளே நீங்களே சேர்த்துக்கொடுங்கள்.

அறிவிப்பு வரும் என்று வாக்குக் கொடுப்பது

ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 16.4க்கு முன் வராது. அதற்குப் பிறகும் முகப்புத் திரையில் சேர்த்தவருக்குத்தான்.

இயல்பு உலாவியை மாற்றிவிட்டு நிம்மதியடைவது

ஐஓஎஸ் 14 முதல் மாற்றலாம். என்ஜின் மாறாது.

"நம் ஊரில் யாரிடம் ஐபோன்?"

தொண்டியிலும் கீழக்கரையிலும் வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். இரவலாகவாவது ஒரு ஐபோன் வாங்கி, விமான முறையில் போட்டு, மூன்று பெட்டி எடை பதிந்து பாருங்கள். அந்த இரண்டு இளைஞர்களுக்கும் என்னுடையதைக் கொடுத்திருக்கிறேன்.