மருந்து ஏறும் நேரத்தில் ஒரு சிக்குக்கோலம்

அம்மாவைக் கீமோவுக்குத் தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நாட்களில் பழகிக்கொண்டது இது. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் நேரத்தில் மனம் கண்டபடி ஓடும். கைக்கு ஒரு வேலை இருந்தால் கொஞ்சம் அடங்கும். நித்திரையே வராத அளவுக்குப் பதற்றம் நீடித்தால் கோலத்தோடு நிற்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

சாமான்: சதுரக்கோட்டுக் கொப்பி, பென்சில், கலர் பென்சில். மார்க்கரும் எண்ணெய்ச் சாயமும் வேண்டவே வேண்டாம். கீமோ நாளில் அந்த மணமே குமட்டும்.

1. எழுதாத கையில் ஊசி போட முடியுமா என்று தாதியிடம் முதலிலேயே கேளுங்கள். மார்பகச் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு அந்தப் பக்கக் கையைப் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். அதனால் எழுதும் கையிலேயே ஊசி ஏறினால், மற்றக் கையால் நிறம் தீட்டினாலே போதும்.

2. புள்ளிகளை முதல்நாளே வீட்டில் வைத்துவிடுங்கள். வெறும் தாளை நீட்டினால் "என்னத்தைக் கீறுறது?" என்று அம்மா கொப்பியை மூடிவிடுவா. புள்ளி இருந்தால் கை தானாகப் போகும்.

3. மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளி. கோடு புள்ளியைத் தொடாமல், இரண்டு புள்ளிகளுக்கு நடுவால் சாய்வாகப் போக வேண்டும். ஓரம் வந்ததும் ஓரப் புள்ளியைச் சுற்றித் திரும்புங்கள். எல்லாப் புள்ளியையும் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே ஒரே கோடாக வந்து சேரும்.

பலர் சிக்குப்படுவது இங்கேதான். அழகாக இருக்கட்டும் என்று நாலுக்கு நாலு வைத்தால் கோடு பாதியிலேயே மூடிக்கொள்ளும். நான்கு தனி வளையங்கள்தான் மிஞ்சும். 3க்கு 4, 3க்கு 5, 4க்கு 5 என்று, ஒன்றைத் தவிர வேறு எந்த எண்ணாலும் இரண்டும் சேர்ந்து வகுபடாத சோடியாக எடுங்கள். ஒரே கோடு என்றால், அடுத்து எங்கே திரும்புவது என்பதிலேயே கவனம் நிற்கும். பயத்துக்கு இடம் குறைவதும் அதனால்தான்.

4. பக்கத்தில் இருப்பவர் திருத்தக் கூடாது. கோணினால் கோணட்டும். களைத்தால் கொப்பியை மூடுங்கள், முடிக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

பின்சேர்க்கை: விரல் மரத்துப்போய்ப் பென்சில் நழுவுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். பக்ளிடாக்செல், ஒக்சாலிபிளாட்டின் போன்ற மருந்துகளில் இது வரும். பென்சிலில் துணி சுற்றித் தடிப்பாக்குங்கள். மரப்பை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள், மருந்தின் அளவை மாற்றவேண்டி வரலாம்.

இன்னொருவர் பனையோலை பின்னலாமா என்று கேட்டார். ஓலை விளிம்பு விரலை வெட்டும். கிருமியை எதிர்க்கும் வெள்ளணுவும் இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டும் குறைந்திருக்கும் நாட்களில் சின்னக் காயமும் ஆபத்து. இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து வைத்தியர் சரி என்ற பிறகு பின்னுங்கள். அதுவரை கொப்பியே போதும்.